கிணற்றைப் பார்த்துக் கூடு வைப்போம்

யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவில் கோழிக்கூட்டுக்கு இடம் பார்ப்பது அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலான சில்லறை விடயம் அல்ல. தண்ணீர், காற்று, காணி, சட்டம் நான்கும் வீட்டின் பின்புறக் கோடிக்குள் வந்து நிற்கின்றன.

ஒரு வீட்டுக் கோடியில் பத்துக் கோழி. வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டின் நல்ல தண்ணிக் கிணறு. இரண்டுக்கும் நடுவில் பதினைந்து அடிகூட இல்லை. கோடை முழுக்க ஒருவருக்கும் குறையில்லை. ஐப்பசியில் மாரி இறங்கியதும் கூட்டடி சேறாகிறது, எச்சம் ஊறுகிறது, வாடைக்காற்று அந்த நாற்றத்தை அடுத்த வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோய் விடுகிறது. முதலில் சாடைமாடையாக ஒரு பேச்சு. பிறகு வேலியடியில் வாக்குவாதம். கடைசியில் பிரதேச சபைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம். தீவகத்தில் கோழிக்கூட்டுப் பிணக்கு அநேகமாக இந்த வழியால்தான் வளர்கிறது.

கூடு வைத்தவர் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. நிழல் பார்த்தார். பின்கதவுக்குக் கிட்ட இருக்கிறதா என்று பார்த்தார். கீரியும் மரநாயும் வந்தால் சத்தம் கேட்குமா என்று பார்த்தார். கிணற்றை அவர் பார்க்கவில்லை, அதிலும் வேலிக்கு அங்கால் உள்ள கிணற்றை. பார்க்கச் சொல்லி அவருக்கு ஒருவரும் சொன்னதுமில்லை. கோழி வளர்ப்புப் பற்றி நம்மிடம் பேசுகிறவர்கள் குஞ்சு, தீவனம், தடுப்பூசி, முட்டை விலை என்று பேசுகிறார்கள். கூட்டை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் வருவதில்லை.

புங்குடுதீவைப் பொறுத்தவரை முதற் கேள்வியே அதுதான். கோழி வளர்க்கும் எந்த வீட்டையும் தடுக்காமல், கூட்டுக்கு உரிய இடத்தை முன்கூட்டியே காட்டும் ஓர் ஊர் விதி இந்தத் தீவுக்கு வேண்டும்.

முட்டை தரும் கோடி

1990களின் தொடக்கத்தில் புங்குடுதீவு மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தார்கள். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு என்று தொடங்கி சுவிஸ், பிரான்ஸ், கனடா, இங்கிலாந்து வரை சிதறினார்கள். திரும்பி வந்து குடியேறியவர்கள் அந்தப் பெருந்தொகையில் ஒரு பங்கினரே. அவர்களில் வயோதிபர்களும், தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் அதிகம். வயலுக்குத் தண்ணீர் போதாது. கடற்றொழில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெரிய முதலில்லாமல், வீட்டை விட்டு வெளியே போகாமல், நாளுக்குச் சில முட்டையாவது தரும் தொழில் கோழி. ஆகவேதான் வடக்கில் வாழ்வாதார உதவி என்றால் கூடும் குஞ்சும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

2022 பொருளாதார நெருக்கடி இதன் அருமையை நாட்டுக்கே காட்டியது. தீவன விலை ஏறிப் பண்ணைகள் சுருங்கின. முட்டை எட்டாக்கனியானது. 2023 இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. அந்த நாட்களில் கோடியில் நாலு ஊர்க்கோழி நின்ற வீட்டில் பிள்ளைக்கு அவித்த முட்டை தட்டாமல் கிடைத்தது. நெருக்கடிக்கு முந்திய ஆண்டு, 2021 இல், இரசாயன உரத் தடை வந்தபோது கோழி எருவுக்கும் ஆள் தேடி வந்தது.

ஆகவே அயலவருக்குத் தொல்லை என்று சொல்லிக் கோழியை ஊரிலிருந்து விரட்டுவது நியாயமில்லை. அதே அளவு நியாயம் வேலிக்கு அப்பால் கிணற்றில் அள்ளிக் குடிப்பவருக்கும் உண்டு.

ஓர் அடிக்கு நாற்பது அடி

புங்குடுதீவின் நிலம் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லை, குளங்கள் கோடையில் வற்றும். மழை நீர் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் உள்ள உவர்நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் உவர்நீரை விடப் பாரம் குறைந்தது என்பதால் இந்த மிதப்பு சாத்தியமாகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த கணக்கு. மேலே ஓரடி இறைத்து முடித்தால் கீழே நாற்பது அடி போய்விடும், உவர் மேலே ஏறும். ஊரில் நல்ல தண்ணிக் கிணறு என்றும் உவர்த் தண்ணிக் கிணறு என்றும் பிரித்துச் சொல்வதன் பின்னால் உள்ள உண்மை இது. நல்ல தண்ணிக் கிணறு ஒன்று கெட்டால் பக்கத்தில் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம் என்ற வசதி தீவுக்கு இல்லை.

மண் தடிப்பாக உள்ள இடத்தில் அழுக்கு நீர் கீழே போகும் வழியில் ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புக்கல்லில் அந்தப் பாதுகாப்புக் குறைவு. மேலே ஊற்றியது வெடிப்பு வழியே விரைவில் நீரைத் தொட்டுவிடும்.

ஒரு கோழி நாளுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். பத்துக் கோழி என்றால் நாளுக்கு ஒரு கிலோ, ஆண்டுக்கு 365 கிலோ. கோழி எச்சத்தில் நைதரசன் மிகுதி. தோட்டத்துக்கு அது நல்ல உரமாவதும், கிணற்றுக்கு அது கெடுதலாவதும் அந்த ஒரே காரணத்தால்தான். நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி மழையோடு கீழே இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். இன்னொன்றையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எச்சத்திலிருந்து வந்த கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும்.

பழி முழுவதையும் கோழியின் மேல் போடவும் முடியாது. யாழ் குடாநாட்டின் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்குத் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் பெரும் காரணம் என்று நீண்டகாலமாகப் பேசப்படுகிறது. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி வெட்டு என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னால் இன்று ஒருவரும் மறுப்பதில்லை. அந்த அறிவு ஊருக்குள் ஊறிவிட்டது. அதே அளவுகோலைக் கூட்டுக்கும் நீட்டுவதுதான் மிச்சம்.

இரண்டு பரப்பில் அளந்து பார்த்தால்

சொல்வது இலகு. வளவுக்குள் இறங்கி நாடாவால் அளந்தால்தான் சிக்கல் தெரியும். நமது கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 2,722 சதுர அடி. இரண்டு பரப்பு வளவு ஒன்று நூறடி நீளமும் ஐம்பத்து நாலடி அகலமுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் வீடு. வீட்டுக்கு ஒரு பக்கத்தில் கிணறு. அங்கிருந்து ஐம்பதடி தள்ளிக் கோடி மூலையில் மலசலகூடம். கூட்டையும் தன் கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளினால், அதுவும் கோடியில்தான் போய் நிற்கும். அங்கே நின்று வேலியால் எட்டிப் பார்த்தால் பின்வளவுக்காரரின் கிணறு இருபதடியில் இருக்கலாம். தன் கிணறு தப்பியது, அடுத்தவர் கிணறு மாட்டிக்கொண்டது.

முன்பு இந்த வளவுகள் பெரியவை. பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கீறிக் கீறிக் கொடுத்ததில் ஒரு வளவு மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வீடும் ஒரு கிணறும் ஒரு மலசலகூடமும் வந்தன. வேலிகள் நெருங்கினால் கூடுகளும் கிணறுகளும் நெருங்கத்தான் செய்யும்.

ஆகவே தூரம் ஒன்றை மட்டும் விதியாக எழுதினால், சிறு காணிக்காரர் கோழி வளர்க்கவே முடியாமல் போய்விடும். பெரிய காணி உள்ளவருக்கு மட்டும் வசதி செய்யும் விதி ஊர் விதியாகாது. தூரம் போதாத இடத்தில் கூட்டின் தரையும் கோழிகளின் எண்ணிக்கையும் அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டும். கிணறு கிட்ட இருந்தால் எச்சம் மண்ணைத் தொடாத கூடு. கிணறு எட்ட இருந்தால் சாதாரணக் கூடு. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் விதி வளவுக்குள் நிற்கும்.

சட்டம் எப்போது வருகிறது?

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் என்பார்கள் நம் பெரியவர்கள்; கோறணமேந்து என்றால் அரசாங்கம். கோடியில் கோழி மேய்ப்பவரிடம் அரசாங்கம் எப்போது வருகிறது என்று பார்த்தால், தொல்லை ஏற்பட்ட பிறகுதான் வருகிறது.

புங்குடுதீவு வேலணைப் பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்கும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் மக்களின் நலத்தையும் சபையின் பொறுப்பாக வைக்கிறது. அதற்குரிய துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தையும் கொடுக்கிறது. இதை விடப் பழையது 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு, பொதுத் தொல்லை ஒன்றை அகற்றும்படி நிபந்தனையுடன் கட்டளையிட நீதவானுக்கு இடமளிக்கிறது. தீவகத்தவருக்கு அந்தக் கதவு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம்.

பெரிய பண்ணை நடத்துபவருக்கு தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்ற படலை உண்டு. தொடங்கும் முன்னரே இடத்தைக் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். பத்துக் கோழிக்கு அந்தப் படலை தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. ஆனால் இதனால் ஓர் இடைவெளி விழுகிறது. பண்ணைக்கு முன்கூட்டியே விதி இருக்கிறது. கோடிக் கூட்டுக்கு, பிணக்கு முற்றிய பிறகு தண்டிக்கும் சட்டம் மட்டும் கைக்கு எட்டுகிறது. கூடு கட்டி, குஞ்சு வாங்கி, கடன்பட்டுத் தீவனமும் வாங்கிய பிறகு இதை அகற்று என்று சொன்னால் அந்த வீடு என்ன செய்யும்? ஆரம்பத்தில் இருபதடி தள்ளி வை என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு சதமும் செலவாகியிருக்காது.

நீதிமன்றத்துக்குப் போகுமுன் இன்னொரு வழி இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகள் இப்படிப்பட்ட அயற் பிணக்குகளுக்குப் பொருத்தமானவை. இரு பகுதியாரையும் இருத்திப் பேசி, இருவரும் ஒப்புக்கொள்ளும் முடிவை எழுதித் தருகிறார்கள். ஆனால் மத்தியஸ்தர்களிடமும் ஓர் அளவுகோல் இருந்தால்தானே இது கிட்ட, இது எட்ட என்று சொல்லலாம்? எழுதிய விதி இருந்தால் அவர்களுடைய வேலையும் பாதியாகக் குறையும்.

ஆளில்லாத வளவுகள்

புங்குடுதீவின் இன்னொரு நிலைமை வேறு ஊர்களுக்கு இந்த அளவுக்கு இல்லை. பல வளவுகளில் ஆளில்லை. சுவர் நிற்கிறது, கூரை இல்லை. கிணற்றுக் கட்டைச் சுற்றிப் பற்றை. உரித்துக்காரர்கள் நாலு நாட்டில். காணி பிரிக்கப்படாத பங்காகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வெறும் வளவில் கூட்டை வைத்துவிடுகிறார். தன் வீட்டுக்கு நாற்றமில்லை, கேட்க ஆளுமில்லை. சில ஆண்டுகள் இப்படியே போகும். ஒருநாள் உரித்துக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து பற்றை வெட்டிக் கிணறு இறைக்கத் தொடங்கியதும் பிணக்கு வெடிக்கும். அப்போது அது கோழிப் பிணக்காக நிற்பதில்லை, காணிப் பிணக்காகிவிடும்.

கைவிட்ட வளவு என்று ஒன்று இருக்கலாம், கைவிட்ட கிணறு என்று இந்தத் தீவில் ஒன்றுமில்லை. அந்தக் கிணற்றின் அடியில் நிற்பதும் ஊர்க் கிணறுகள் எல்லாம் பங்குபோடும் அதே நன்னீர்ப் படைதான். ஆளில்லாத வளவின் கிணற்றடியில் எச்சத்தைக் குவித்தால், இரண்டு வளவு தள்ளி அள்ளிக் குடிப்பவர் வீட்டுக்கு அது போய்ச் சேரும்.

ஒலெரோன் தீவுச் சேவல்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவருக்கும் ஊரில் நிலையாக இருப்பவருக்கும் இடையே சேவல் கூவலால் வரும் மனக்கசப்பு புங்குடுதீவுக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சின் மேற்குக் கரையில், வாணர் தாம்போதி நமது தீவை வேலணையோடு இணைப்பது போல, பாலத்தால் பெருநிலத்தோடு இணைந்த ஒலெரோன் என்ற தீவு இருக்கிறது. அங்கே மோறிஸ் என்ற சேவல் விடிய முன்னரே கூவுகிறது என்று, விடுமுறை வீடு வைத்திருந்த அயலவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டெம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 சனவரியில் பிரான்ஸ், நாட்டுப்புறத்தின் ஒலியையும் மணத்தையும் மரபுரிமையாக ஏற்கும் ஒரு சட்டத்தையே நிறைவேற்றியது.

சேவல் ஏன் கூவுகிறது என்பதை யப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் காட்டினார்கள். வெளிச்சத்தைக் கண்டு மட்டும் அது கூவுவதில்லை. உடலுக்குள் ஓடும் ஒரு கடிகாரம் விடியலுக்கு முன்னரே அதைக் கூவ வைக்கிறது. ஆகவே அடித்தும் அதட்டியும் அதை நிறுத்த முடியாது. மனிதர் செய்யக்கூடியது இரண்டுதான்: சேவலின் எண்ணிக்கையைக் குறைப்பது, அதன் இரவுக் கூட்டை அடுத்தவர் படுக்கையறை யன்னலிலிருந்து தள்ளி வைப்பது. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வைப்பவருக்குத்தான் அது வேண்டும். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் தாராளம்.

ஊருக்கு வருகிறவரும் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். அவருடைய வீட்டுப் படலையையும் வெற்று வளவையும் இத்தனை ஆண்டுகளாகக் கவனித்து நின்றவர் இந்தக் கோழிக்காரர்தான். இரண்டு கிழமைத் தூக்கத்துக்காக அவருடைய ஆண்டு முழுச் சீவியத்தை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. கிணற்றைக் காக்கச் சொல்வது நியாயம்.

பிள்ளைகள் வாழும் நாடுகளில்

புங்குடுதீவின் பிள்ளைகள் வாழும் நாடுகள் ஒவ்வொன்றும் கோடிக் கோழிக்கு ஒவ்வொரு விதி வைத்திருக்கின்றன.

ரொறன்ரோ மாநகரம் 2018 இல் நான்கு வட்டாரங்களில் மட்டும் பரீட்சார்த்தமாக அனுமதி கொடுத்தது. வீட்டுக்கு நாலு பேட்டுக் கோழி வரை வைக்கலாம், சேவலுக்கு இடமில்லை. பின்னர் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 ஒக்டோபர் 1 முதல் ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் பதிய வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. சுவிசிலும் கோழி வைத்திருப்பவர் மாநில அதிகாரிகளிடம் பதிவது கட்டாயம்.

பிரான்சின் மாவட்டச் சுகாதார விதிகள்தான் நமது கேள்விக்கு மிகக் கிட்ட வருகின்றன. அங்கே பத்துக்கு மேல் ஐம்பதுக்குள் கோழி என்றால் அயலவர் வீட்டிலிருந்து 25 மீற்றர். ஐம்பதுக்கு மேல் போனால் 50 மீற்றர். கிணற்றிலிருந்து 35 மீற்றர். எண்ணிக்கை ஏற ஏறத் தூரமும் ஏறுகிறது, கிணற்றுக்குத் தனியாக ஓர் அளவு நிற்கிறது. அந்த அடிப்படையை நாம் எடுத்துக்கொள்ளலாம். அளவை அப்படியே எடுக்க முடியாது. 35 மீற்றர் என்றால் 115 அடி. நாம் அளந்து பார்த்த வளவின் முழு நீளமே நூறடி. அங்கே எழுதிய எண்ணை இங்கே ஒட்டினால் புங்குடுதீவில் ஒரு கோழிக்கும் இடமிராது.

ஒரு நல்ல கூடு

பத்துக் கோழிக்கு நாலடிக்கு ஐந்தடிக் கூடு போதும். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி. அது பகலில் வளவுக்குள் திரிவதால் இரவுக்கு அந்த இடம் தாராளம். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்திய கால்கள். தரைக்குப் பனஞ்சிலாகை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, எச்சம் தங்காமல் கீழே விழும்படி. அதன் அடியில் ஒரு தகரத் தட்டு, தட்டில் உமியும் அடுப்புச் சாம்பலும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டை இழுத்து எடுத்துக் கொட்டினால் மண்ணில் ஒரு சொட்டும் படாது. நாற்றத்துக்குக் காரணம் ஈரம். எச்சம் காய்ந்திருக்கும் வரை அயலவர் மூக்குக்கு அது எட்டுவதில்லை.

கூரைக்குத் தகரமானால் மேலே கிடுகு போட வேண்டும், பங்குனி சித்திரை வெயிலில் கோழி தாங்காது. இறவாரத்தை இரண்டடி வெளியே நீட்டினால் மாரிச் சாரல் உள்ளே வராது. கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை மாலை வெயில் நேரே உள்ளே விழாது. பக்கங்களுக்குக் கம்பிவலை, சிறு கண்ணாக. பெரிய கண் வலையால் கீரி நுழையும்.

காற்றுக்கு நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து கோடை முழுக்க அடிக்கும். வாடை வடகிழக்கிலிருந்து மாரியோடு வரும். சோளகக் காலத்தில் எச்சம் காய்ந்து கிடப்பதால் நாற்றம் குறைவு. வாடைக் காலத்தில் எல்லாம் ஈரம். ஆகவே கூட்டுக்குத் தென்மேற்கில் யாருடைய வீடு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் வெளியோ ஒழுங்கையோ பனங்கூடலோ இருந்தால் அந்த இடம் நல்லது. தீவில் நிலத்தடி நீர் உள்நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகர்வதால், கிணற்றுக்குக் கடற்பக்கமாகக் கூடு இருப்பது இன்னும் பாதுகாப்பு.

வீட்டுச் சுவரோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்கும் குஞ்சுக்கும் முட்டைக்குமாக நாகமும் புடையனும் வரும். தண்ணீர்ச் சட்டியை நாளாந்தம் கவிழ்த்துக் கழுவாவிட்டால் நுளம்பு பெருகும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் கோழிச் சட்டிக்கும் பொருந்தும்.

வலசைப் பறவைகளும் கோழித் தண்ணியும்

மாரி தொடங்கப் பூநாரைகளும் வாத்தினங்களும் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் தீவகத்தின் ஆழமற்ற கடல்களுக்கும் வந்து சேர்கின்றன. அது நமக்குப் பெருமை. ஆனால் பறவைக் காய்ச்சல் உலகெங்கும் பரவுவதில் வலசை வரும் நீர்ப்பறவைகளுக்குப் பங்குண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பால் கேரளத்தின் ஆலப்புழையில் 2014 இலும் பிறகும் அது வாத்துப் பண்ணைகளைத் தாக்கியது. ஆகவே கூடும் தீவனச் சட்டியும் நீர்ப்பறவைகள் இறங்கும் கரைச்சிப் பக்கமாக, திறந்த வெளியில் இருக்கக் கூடாது. கூரைக்குக் கீழே தீவனம் வைப்பது மிகச் சிறிய செலவு. கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் ஒளித்துப் புதைக்காமல் கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருப்பது அதற்காகத்தான்.

சபை எழுத வேண்டிய ஒரு பக்கம்

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உள்ளூராட்சியில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை. இப்போது இருக்கிறார்கள். துணைவிதி ஒன்றைச் சபை நிறைவேற்றி, மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிட்டால் அது சட்டம். அதற்குக் காலம் எடுக்கும். அதுவரை சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் கால்நடை வைத்தியரும் சேர்ந்து ஒரு பக்க வழிகாட்டலை வெளியிடத் தடையில்லை. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நமது முன்மொழிவு இது:

1. எந்தக் கிணற்றிலிருந்தும், தன்னுடையதோ அடுத்தவருடையதோ ஆளில்லாத வளவினுடையதோ, ஐம்பதடிக்குள் கூடு வேண்டாம். இடம் போதாத வளவில் உயர்த்திய தரையும் எச்சத் தட்டும் உள்ள கூட்டுக்கு மட்டும் இருபத்தைந்து அடி வரை விலக்கு.

2. அயலவர் வீட்டுக்கும் குசினிக்கும் இருபத்தைந்து அடி, வேலிக்கு ஐந்தடி. அயலவர் எழுதி ஒப்புக்கொண்டால் இதைக் குறைக்கலாம்.

3. பதினைந்து கோழி வரை அனுமதியோ கட்டணமோ வேண்டாம். ஐம்பது வரை சபைக்கு ஓர் அறிவித்தல். அதற்கு மேல் பரிசோதகர் இடம் பார்த்த பின் அனுமதி.

4. நெருங்கிய குடிமனையில் வீட்டுக்கு ஒரு சேவல்.

5. எருவைக் கூரையின் கீழ் உலர்வாகச் சேர்த்து, மாரிக்கு முன் தோட்டத்துக்கோ தென்னைக்கோ கொடுத்துவிட வேண்டும். கிணற்றடியில் குவிக்கக் கூடாது.

6. பிறர் வளவில் கூடு வைப்பதற்கு உரித்துக்காரரின் எழுத்துச் சம்மதம்.

7. இப்போது இருக்கும் கூடுகளுக்கு ஒரு முழுக் கோடை அவகாசம். கூட்டை மாற்ற வசதியில்லாத வீட்டுக்கு உதவி.

கடைசிக் குறிப்பு உதவி கொடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கூடு கொடுக்கும்போது ஓர் அளவு நாடாவோடு போகட்டும். குஞ்சு கையளிக்குமுன் கிணற்றுக்கும் கூட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, படிவத்தில் எழுதி, அடுத்த வீட்டுக்காரருக்கும் காட்டட்டும். ஒரு தட்டும் நாலு பனங்குற்றியும் கூடுதலாகக் கொடுத்தால் அந்த உதவி இரண்டு வீட்டுக்கு உதவியாகும்.

விதி என்றால் தண்டம் என்றே நம்மவர் நினைக்கிறார்கள். இந்த விதி அப்படியல்ல. கூடு வைத்திருக்கும் தாய்க்கு இது கையில் ஒரு பிடிமானம்: நான் அளந்து வைத்தேன், என்னை எழுப்ப முடியாது என்று அவர் சொல்லலாம். கிணறு வைத்திருப்பவருக்கும் அதே பிடிமானம்: கோபப்படாமல், வேலியடியில் நின்று கத்தாமல், ஐம்பதடி என்று ஒரு சொல்லைச் சொல்லலாம். இருவரும் ஒரே நன்னீரைக் குடிக்கிறார்கள். அடுத்த மாரிக்கு முன் இதை எழுதுவது சபையின் கடமை, எழுதச் சொல்லிக் கேட்பது ஊரவரின் கடமை.